கூட்டினால் குறையாது

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் தானாக நின்றது. யாரும் ஏறவில்லை. கதவு மூடியதும் ஷிஹோவின் மடிக்கணினியில் எடை ஐம்பத்திரண்டு கிலோவிலிருந்து ஏழுக்கு இறங்கியது. உள்ளே இருந்தது அவள் ஒருத்திதான்.

சென்சார் கோளாறு என்று நினைத்தாள். ஆனால் கம்பிவடம் முனகிக்கொண்டே வந்ததும், மழைநாள் ரயில் நெரிசலில் அடிக்கிற ஈரக் கோட்டு வாடை மூக்கை அடைத்ததும் சென்சாரின் வேலையாகத் தோன்றவில்லை. தரைத்தளத்தில் கதவு திறந்தபோது, தான் ஏன் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஓசாகா புறநகரில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி அது. லிஃப்டின் மூளையாக இருந்த பழைய சில்லு கருகிப்போயிருந்தது. அதை இப்போது யாரும் செய்வதில்லை. லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் நிரல் எழுதும் ஷிஹோ, அந்தச் சில்லைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் ஒன்றை எழுதிப் புதுப் பலகையில் ஏற்றினாள். குடியிருப்பவர்கள் ஆரஞ்சுப் பழத்தைப் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"முன்னெல்லாம் அஞ்சாவது மாடில கதவு தொறந்தபடியே நின்னுடும், ஷிஹோ-சான். எறங்கிப் படியில போயிடுவோம். இப்ப நின்னாலும் ஒடனே கதவு மூடிக்குது. கெட்டிக்காரி நீங்க," என்றார் காவலாளி குமகாய், கூடத்தைப் பெருக்கிக்கொண்டே.

"நீங்க மட்டும் இன்னும் படியில போறீங்களே?"

"முட்டிக்கு நல்லதாம்," என்றார், முகத்தைப் பார்க்காமல். அந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று பட்டது.

கூட வேலை பார்க்கும் நாகசேயைப் போனில் பிடித்தாள். குத்திக்காட்டாமல் பேச வராது அவனுக்கு.

"தாங்காத எடை ஏறினா எடையைக் கணக்கு வெக்கற எண்ணு நிரம்பி வழிஞ்சு, மறுபடி சின்னதுலேருந்து வரும்," என்றாள். "கூட்டினப்புறம் குறைஞ்சிருந்தா கதவை மூடாதேன்னு பழைய சில்லுல ஒரு சோதனை இருந்துச்சு. அப்படியேதான் எழுதியிருக்கேன்."

"நீ எழுதினே. புது கம்பைலர் வெச்சிருக்கியா? எண்ணு வழியவே வழியாதுன்னு எடுத்துக்க அதுக்கு உரிமை உண்டு. கூட்டினா எப்படிக் குறையும்னு அந்த வரியையே கடாசியிருக்கும். படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"பழைய கம்பைலர்ல ஓடிச்சே."

"ஓடினா சரின்னு அர்த்தமா? விடு, ஒரு ஆள் ஏறினா என்ன வழியப்போகுது. சென்சாரைப் பாரு."

அவள் எழுதியதைக் கம்பைலர் எந்திர மொழிக்கு மாற்றி உருவாக்கிய நிரலைத் திறந்து தேடினாள். அந்தச் சோதனை இல்லை. சுவடே இல்லை. அந்த எண் வழிய வேண்டுமானால் ஒரு முழு ரயில்பெட்டியின் எடையாவது ஏற வேண்டும்.

அப்போதுதான் திரையில் எட்டாவது மாடி மின்னியது. எடை இருபத்துமூன்று. கஹோ. அவளுடைய மகள், இரண்டாம் வகுப்பு. மாலையில் டியூஷனுக்குத் தனியாகத்தான் இறங்குவாள்.

லிஃப்டை நிறுத்தும் சுவிட்ச் மொட்டைமாடி அறையில் இருந்தது. ஓடினாலும் எட்டாது.

ஏழு. ஆறு. ஐந்து. நின்றது.

"கஹோ, எறங்கிடு," என்று படிக்கட்டின் கீழிருந்து கத்தினாள். குரல் மேலே போய் எங்கோ அமுங்கியது.

கதவு மூடியது. எடை இரண்டு.

கம்பிவடம் முனகியது. நான்கு. மூன்று. குமகாய் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். ஈரக் கோட்டு வாடை கதவிடுக்கு வழியாக வந்தது.

திறந்தது.

லிஃப்ட் காலியாக இருந்தது. மூலையில் மட்டும் கஹோ. பள்ளிப் பை முதுகில் தட்டையாக நசுங்கியிருந்தது. கன்னம் சுவரில் அப்பியிருந்தது. கால்கள் தரையில் படவில்லை.

"மன்னிக்கணும்... எறங்கணும்," என்றாள் குழந்தை, ரயிலில் சொல்லப் பழக்கியிருந்த அதே பணிவோடு. "கொஞ்சம் வழி விடுங்க."

ஷிஹோ கையை உள்ளே நீட்டினாள். ஈரக் கம்பளி. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னாலும். முழங்கைக்கு மேல் போகவில்லை. நெரிசலில் ரயில் கதவை மூடப் பிளாட்பாரத்துப் பணியாளர் ஆட்களைத் தள்ளுவதுபோல் ஏதோ ஒன்று அவள் கையைப் பதமாக வெளியே தள்ளியது.

மேலே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். கதவு தயங்காமல் மூடியது.

கதவின் சின்னக் கண்ணாடியில் கஹோவின் முகம் வந்து அப்பியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. லிஃப்ட் நிதானமாக மேலேறியது. குழந்தையின் முகத்தைச் சுற்றிக் கண்ணாடி முழுவதும் மூச்சுக்காற்று படிந்துகொண்டிருந்தது, வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக.