கேப்டனுக்கு உடம்பு சரியில்லை

கேப்டன் வுகாஷினுக்கு வயிற்றுவலி. விமானக் கம்பெனிக்கு விடியற்காலையில் அப்படித்தான் தகவல் போயிருந்தது. அவருக்கு மட்டுமல்ல, பெல்கிரேடில் அந்தக் கம்பெனிக்கு விமானம் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் ஒரே விடியலில் வயிறு வலித்தது. வேலைநிறுத்தம் என்று சொன்னால் வழக்குப் போடுவார்கள், வயிற்றின் மேல் யார் வழக்குப் போட முடியும் என்பது விமானிகள் சங்கத் தலைவரான அவருடைய கண்டுபிடிப்பு. புது ஒப்பந்தத்தில் விமானிகளின் ஓய்வு நேரத்தை வெட்டப் பார்த்தது நிர்வாகம். ஒரு நாள் ஒரு விமானமும் எழும்பாவிட்டால் காலில் வந்து விழுவார்கள் என்று சங்கத்துக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் தொலைக்காட்சியில் விமானங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இரவோடு இரவாக வெளிநாட்டிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்த விமானிகள், படமெடுக்கிறவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

நோயாளி ரொட்டியும் முட்டையும் புகைபோட்ட இறைச்சியும் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். வீட்டிலும் அவர் பேசுவது பயணிகளுக்கு அறிவிப்புச் செய்வதுபோலத்தான் இருக்கும். உப்பு கேட்டால்கூடப் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றும்.

"தெசான்கா, உங்க அண்ணனுக்கு எப்ப போன் பண்ணினே?"

தட்டை எடுக்க வந்த தெசான்காவின் கை அப்படியே நின்றது. அவள் அண்ணன் ராத்தோமிர் அதே கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தான். எந்த விமானத்தை எவர் ஓட்டுவது என்று தீர்மானிப்பவன் அவன்தான்.

"நான் எதுக்குங்க பண்ணணும்..."

"திட்டம் தெரிஞ்சது விமானிகளுக்கு. அவங்களுக்குக் காப்பி கொடுத்த உனக்கு. வேற யாருக்கும் தெரியாது."

சோபாவில் கம்பளிக்குள் இருந்த மாமியார் ஸ்தாமேனா பெருமூச்சு விட்டாள். "அண்ணன் வீட்டு ரத்தம். என் மகன் வானத்துல பறக்கிறவன், பாவம். தரையில நடக்கிறது அவனுக்கு எங்க தெரியப்போகுது."

தெசான்கா தட்டைக் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்பது அவளுக்குப் பழகிய ஒன்று.

முந்தின நாள் அந்த வீட்டின் ஸ்லாவா. வீட்டைக் காக்கிற புனிதரின் நாள். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை, வருகிற யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை. சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எதிரி முகாமிலிருந்து ராத்தோமிரும் வந்தான். வாசலில் வைத்திருந்த இனிப்புக் கோதுமையில் ஒரு கரண்டி தின்றான், காப்பி குடித்தான், தங்கை கன்னத்தில் முத்தமிட்டான், போய்விட்டான்.

பகலுக்குள் ஒரு பெட்டி நிரம்பியது. "உங்க அண்ணனை வரச் சொல்லிட்டேன். அவன் கூடப் போயிடு. உன்னை வீட்ல வச்சுக்கிட்டு நான் எப்படித் தலைவரா உட்கார முடியும்?" என்றார் கேப்டன். தீர்ப்பைக் கேட்கச் சங்கத்தின் சார்பில் விமானி க்வோஸ்தென் வந்து சேர்ந்தான். அவனுக்கும் வயிற்றுவலி என்பதால் முகத்தைச் சால்வையில் மூடிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தான். தெருவாசலில் தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். நோயாளி எவனாவது வெளியே தலைகாட்டினால் வேலை போய்விடும்.

ராத்தோமிர் உள்ளே வந்ததும் பெட்டியைப் பார்த்தான். பிறகு தங்கையின் கண்களைப் பார்த்தான்.

"இவ சொன்னதா நினைச்சீங்களா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க வீட்ல என்ன சமையல்னுகூட இவ என்கிட்ட சொன்னதில்ல."

"அப்ப யார் சொன்னது?" என்றான் க்வோஸ்தென்.

"நீங்கதான். காலையில விமானம் எடுக்கிறவன் முந்தின சாயங்காலம் ஒரு சொட்டு சாராயம் தொடக் கூடாது. உங்க சட்டம்தானே? இன்னிக்கி விடியக்காலைல மச்சானுக்கு வியன்னா. உனக்கு சூரிக். டியூட்டி போட்டவன் நான். இங்க வந்து பாக்கிறேன், ஒவ்வொருத்தன் கையிலயும் பிளம் சாராயம். ரெண்டாவது கிளாஸ், மூணாவது கிளாஸ். மச்சான் நின்னுக்கிட்டு ஊத்துறார். நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான்னு தெரிஞ்சுக்க எனக்குப் போன் எதுக்கு?"

க்வோஸ்தென் மெதுவாகச் சால்வையை அவிழ்த்தான். "எனக்குக் காப்பி போதும்னு சொன்னேன், வுகாஷின். தலைவர் வீட்டு ஸ்லாவால காப்பி குடிச்சா கோழைன்னு சொல்லி நீங்கதான் சாராயம் ஊத்தினீங்க." பதிலுக்குக் காத்திராமல் கொல்லைப்புறமாகவே போனான். தலைவர் பதவியும் அவனோடு அந்த வழியே போய்விட்டது.

ஸ்தாமேனா கம்பளியை விலக்கினாள். "உனக்கு இது தெரியுமாடி?"

"நான்தானே அத்தை தட்டு ஏந்திக்கிட்டு நின்னேன். அண்ணன் பார்வை கிளாஸ் கிளாஸாப் போறதைப் பார்த்தேன். காலையில டிவியைப் பார்த்ததும் புரிஞ்சுது."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்தா இப்ப நடந்ததுதான் நடக்கும். அந்த நாற்காலியை விட்டா அவருக்கு என்ன இருக்கு அத்தை... என் பேர்தானே கெடும்னு இருந்துட்டேன்."

கிழவியின் முகம் நொறுங்கியது. எழுந்து வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "இந்த வீடு என் பேர்ல இருக்கு. நீ எங்கயும் போக வேண்டாம்... இந்தக் கிழட்டு நாக்கை மன்னிச்சிரு, கண்ணு."

"உங்க மேல கோவம் இல்ல அத்தை." தெசான்கா அவள் கண்ணீரைத் தன் கையால் துடைத்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "போன் பண்ணினியான்னு நீங்க கேக்கல. எப்பன்னு கேட்டீங்க. பெட்டியோட நான் போறது அதுக்குத்தான்."

அறிவிப்பு எதுவும் வரவில்லை.

"வா, கார் நிக்குது," என்றான் அண்ணன்.

"உன் கூடவும் வரல. புனிதர் நாள் கோதுமையை வாயில போட்டுக்கிட்டு வேவு பார்த்தவன் நீ. எனக்குப் பாடம் சொல்லித் தந்த மரீட்சா டீச்சர் வீட்ல ஒரு ரூம் இருக்கு."

அவள் படியிறங்கினாள். தெருவில் ஈரக் காற்று. பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ட்ராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பின்னால் தெருக்கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு, பைஜாமாவுக்கு மேல் போட்ட கோட்டோடு வுகாஷின் வெளியே வந்தார். அத்தனை கேமராக்களும் ஒரே நேரத்தில் திரும்பின.

"கேப்டன், உடம்புக்கு எப்படி இருக்கு?" என்று ஒருத்தி மைக்கை நீட்டினாள்.

அவர் அவளைத் தாண்டி ஓடினார். தெசான்காவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. நிறுத்தம் வரை அவளோடு நடந்தார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பின்னாலிருந்து நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேலை போயிரும்னு தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்."

"பிறகு ஏன் வந்தீங்க..."

"பெட்டி கனமா இருந்துது."

ட்ராம் வந்தது. அவள் ஏறி, பெட்டிக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். கொடுத்த கையை அவள் ஒரு கணம் அதிகமாகப் பிடித்திருந்தாள்.

"உள்ள போங்க. நிஜமாவே காய்ச்சல் வந்துரும்."

கதவு மூடிக்கொண்டது.