சோலைமந்தி தேடுகிறது

"மந்திக்கூடத்துக்கு இனிமே உணர்பட்டை தர்றதில்லைங்க" என்றாள் சோலையுயிர் மையத்தின் வாசலில் இருந்த பெண்.

குழலியும் அவள் கணவன் தங்கராசும் பொள்ளாச்சியிலிருந்து மலையேறி வந்திருந்தார்கள். ஆனைமலையில் மிஞ்சிய உயிர்களையெல்லாம் அந்த மையத்தில்தான் பார்க்க முடியும். நெற்றியில் உணர்பட்டையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் போதும். விலங்கின் தோலுக்கடியில் பதித்த சிறு கருவிமணி அதன் உணர்வை அனுப்பும். வரையாட்டின் பசியும் இருவாச்சியின் சிறகசைவும் பார்ப்பவர் உடம்புக்குள் வந்துவிடும்.

மகள் இதழினி காய்ச்சலில் போன பிறகு, சோறு தண்ணி இல்லாமல் கிடந்த குழலியைத் தங்கராசுதான் இங்கே அழைத்து வந்தான். குட்டியை மார்போடு அணைத்திருந்த ஒரு சோலைமந்தியின் முன் அவள் பட்டையோடு உட்கார்ந்தாள். குட்டியின் சூடு அவள் கைகளில் ஏறியது. அன்றிரவு அவள் தூங்கினாள். அதன்பின் மாதம் தவறாமல் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பாரம் கொஞ்சம் இறங்கியது.

"ஏனுங்க தரமாட்டீங்க?" என்றான் தங்கராசு.

மையத்தின் விலங்கு மருத்துவர் பெனாசிர் வந்து அவர்களைக் கண்ணாடிச் சுவருக்கு அழைத்துப் போனார். உள்ளே அதே மந்தி கிளைகிளையாகத் தாவி, இலைகளை விலக்கிப் பார்த்தது. நின்று கூப்பிட்டது. பதிலுக்குக் காத்திருந்தது. கீழே அதன் குட்டி கத்திக்கொண்டிருக்க, அதைத் தாண்டிப் போனது.

"பால் கொடுக்கறதில்லம்மா. பக்கத்துல கொண்டுபோய் விட்டாலும் தள்ளிவிடுது. பட்டை ஒருவழிதான்னு நினைச்சிருந்தோம். இப்பத்தான் தெரியுது, கட்டிக்கிறவங்க மனசுல இருக்கறதும் அதுக்குப் போயிடுது."

"எதைத் தேடுது?" என்றாள் குழலி.

"அதுக்குப் பிறந்தது இந்த ஒரு குட்டிதாம்மா."

குழலி கண்ணாடியில் கை வைத்தாள். "அது என்னோட துக்கம், டாக்டர். எனக்கே திருப்பிக் குடுத்துருங்க."

"முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு. இறங்கினது திரும்பி ஏறமாட்டேங்குது. மறுபடி கட்டினா, மிச்சம் இருக்கறதும் அதுக்குத்தான் போகும்."

தங்கராசு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் ஒருநாளும் பட்டை கட்டிக்கொண்டதில்லை. "பாப்பா..." என்று ஆரம்பித்தவன் விம்மி அழுதான். தோள்கள் குலுங்கின.

பணியாளர் ஒருவர் குட்டியை வெளியே எடுத்து வந்தார். குழலி கை நீட்டி வாங்கினாள். அது அவள் முந்தானையை இறுகப் பற்றி, மார்பில் முகத்தை முட்டியது. பால்புட்டியைக் கொடுத்தார்கள், குட்டி வாய் திறக்கவில்லை.

அவள் இதழினியை நினைத்தாள். முகம் தெளிவாக வந்தது. காய்ச்சலில் காய்ந்த உதடுகள் வந்தன. "அம்மா" என்ற குரலும் வந்தது. அவள் காத்திருந்தாள். அழுகை மட்டும் வரவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் மந்தி அடுத்த கிளைக்குத் தாவி, மறுபடியும் கூப்பிட்டது.