எண்ணுவதைச் சொல்லாமல்

இந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் எங்கோ ஒட்டிவைத்த துண்டுச்சீட்டைப் பார்க்கிறாள். இருபது வருடத்தில் எத்தனை துண்டுச்சீட்டு பிடித்திருப்பேன், என்னிடமா?

ஆசிரியை இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பேனாவின் பின்பக்கத்தைப் பல்லில் தட்டியபடி மடிக்கணினித் திரையையே பார்த்திருந்தாள். மாணவிகள் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தொற்று வந்து நர்சிங் கல்லூரியை மூடி நாலு மாதமாகிறது. செய்முறைத் தேர்வு இப்போது திரை வழியாகத்தான். மாணவி தன் வீட்டில் யாரையாவது கட்டிலில் படுக்கவைத்து, நாடியும் மூச்சும் காய்ச்சலும் பார்த்துக் காட்ட வேண்டும். ஆசிரியை ஒவ்வொரு படிக்கும் பட்டியலில் டிக் போடுவாள். தேறியவர்கள் திங்கட்கிழமையே தொற்று வார்டுக்கு வேலைக்குப் போகவேண்டும். ஆள் பஞ்சம். கொஞ்சம் கண்டும் காணாமலும் இருங்கள் என்று முதல்வர் காலையில்தான் போனில் கெஞ்சினார். சரி என்றாள். ஆனால் அதே வார்டில் ஐந்தாவது கட்டிலில் மூன்று நாளாக அவளுடைய அக்கா கிடக்கிறாள். தப்பாக எண்ணும் கை ஒன்று அக்காவின் மணிக்கட்டில் போய் விழுவதா? அதற்குத் தன் கையாலேயே டிக் போடுவதா?

காலையிலிருந்து பதினாறு பேர் முடிந்திருந்தார்கள். ஒருத்தியின் அப்பா நாடி பார்க்கும்போதே குறட்டை விட்டார். இன்னொருத்தியின் தம்பி, கூச்சம் தாங்காமல் கட்டிலிலிருந்தே உருண்டு விழுந்தான். இவள் பதினேழாம் எண். முகக்கவசம், அதற்குமேல் கண்ணாடித் தடுப்பு, கையுறை. வீட்டுக்குள் எதற்கு இத்தனை என்று ஆசிரியைக்குத் தோன்றியது. கை கழுவிய விதம் பாடப்புத்தகம் போல இருந்தது. முதல் படியை மட்டும் விட்டுவிட்டாள். நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்துச் சரிபார்ப்பது. பட்டியலில் முதல் கட்டம் காலியாக இருந்தது.

"நாடி எழுபத்திரண்டு, மேடம். மூச்சு பதினாறு."

கழுத்துவரை பூப்போட்ட போர்வை மூடிய அம்மா அசையவில்லை. மகளின் விரல்கள் அம்மாவின் மணிக்கட்டில் சரியான இடத்தில் இருந்தன. கண்கள்தான் அங்கே இல்லை. திரையின் வலது மேல் மூலைக்குப் போய்ப் போய் வந்தன.

"மூச்சை இன்னொரு தடவ எண்ணும்மா. முழு நிமிஷம்."

மூச்சை எண்ணுவதற்கென்று ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. முதல் வகுப்பிலேயே அதைத்தான் சொல்லிக்கொடுப்பாள். எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லாதே, சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி எண்ணி முடித்தபிறகும் மணிக்கட்டை விடாதே. கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மார்பைக் கவனி. அவள் மாணவியாக இருந்தபோது இதை அக்காவிடம்தான் பழகினாள். அக்கா எமகாதகி. இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். தங்கை கண் மார்புப்பக்கம் வந்ததும் மூச்சை அடக்கிக்கொள்வாள். நீ எண்ணறது எனக்குத் தெரியும்டி என்று சொல்லாமல் சொல்வாள். கடைசியில் சிரிப்பை அடக்கமாட்டாமல் போர்வையோடு குலுங்குவாள்.

அறை அமைதியாக இருந்தது. வெளியே பிற்பகல் வெயில் கொதித்தது. ஏசி ஓடியும், மூடிக்கிடந்த இந்தப் பயிற்சி அறைக்குள் ஸ்பிரிட் வாசனையும் பழைய ரப்பர் வாசனையும் கலந்து ஈரத்துணிபோல் கனத்து நின்றன. இணையம் இங்கேதான் ஒழுங்காக வரும் என்பதால் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாக ஆறு கட்டில்கள், ஆறு பொம்மைகள், தலைவரை வெள்ளைத் துணி. மூன்றாவது பொம்மைக்கு மாணவிகள் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். எத்தனை ஊசி குத்தினாலும் திட்டாத ஒரே பெரியம்மா. ஆசிரியையின் மகளுக்கும் ஒரு பெரியம்மா, அவள் தொற்று வார்டின் ஐந்தாவது கட்டிலில்.

"பதினாறு, மேடம்."

போர்வையின் பூக்கள் நகரவே இல்லை. ஆசிரியை ஒரு நிமிடம் முழுக்க ஒரு பூவையே பார்த்திருந்தாள். படம் உறைந்துவிட்டதோ? இல்லை. சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. மகளின் கண் இமைத்தது. பூ மட்டும் நகரவில்லை.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. அக்கா கிடக்கும் வார்டின் எண். தேர்வு நடுவில் எடுப்பதில்லை என்பது அவள் போட்ட சட்டம். இந்த நேரத்தில் அவர்கள் கூப்பிடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அது அதிர்ந்து அடங்கியது.

"முதல் படிய விட்டுட்ட. அம்மா பேரக் கேளு."

மாணவி அம்மாவின் போர்வை ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"கேளும்மா."

"கேட்டா சொல்லிடுவாங்க, மேடம். அதான் கேக்கல."

"சொல்லட்டுமே. அதுக்கென்ன?"

மாணவி அம்மாவின் கையைப் பதமாகப் போர்வைக்குள் வைத்தாள். பிறகு, வீட்டுப்பாடம் எழுதாததை ஒப்புக்கொள்ளும் குரலில் சொன்னாள். "விடியக்காலையிலயே மூச்சு நின்னுபோச்சு, மேடம். யாருக்கும் சொல்லல. இன்னைக்கு விட்டா பரிட்சை அடுத்த வருஷம்தானே. நின்னதுக்கப்புறம் ஒரு தடவ பேரக் கேட்டேன், பழக்கதோஷத்துல. சொன்னாங்க."

ஆசிரியை பேனாவை மேசைமேல் வைத்தாள். பொய். அனுதாபத்துக்குச் சொல்கிறாள். எத்தனை பொய் கேட்டிருக்கிறேன். துண்டுச்சீட்டு, துண்டுச்சீட்டைக் கேள்.

"அப்ப பதினாறுன்னு எதப் பாத்துச் சொன்ன?"

"நாடிதான் சும்மா சொன்னேன், மேடம். அவ்வளவு தூரத்துல, தொட்டுப் பாக்காம எப்படித் தெரியும்? மூச்சு பொய்யில்ல. ரெண்டு தடவையும் நல்லா எண்ணினேன்." கண்கள் மறுபடி அந்த மூலைக்குப் போயின. "உங்க பின்னாடி. மூணாவது கட்டில்."

ஆசிரியை திரும்பவில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம். அதில் அவள் முகம். தோளுக்கு மேலே, வலது மேல் மூலையில், வெள்ளைத் துணி.

உயர்ந்தது. தாழ்ந்தது.

ஏசி காற்றாக இருக்கும். மற்ற ஐந்து துணிகளும் அசையவில்லை. பொம்மையின் நெஞ்சுக்குள் காற்றுப்பை உண்டு, யாராவது அழுத்தினால் உயரும். அழுத்த யாரும் இல்லை.

உயர்ந்தது. தாழ்ந்தது. நிதானமாக. நாலு நொடிக்கு ஒன்று.

சதுரத்தை உற்றுப் பார்த்தாள்.

துணி நின்றது.

ஓய்ந்துபோய் நின்ற நிலை இல்லை அது. பாதியில் நின்றிருந்தது, உயர்ந்தபடியே. தன்னை யாரோ எண்ணுகிறார்கள் என்று தெரிந்தவர்கள் நிறுத்துவதுபோல.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. அதே எண். மேசையின் விளிம்புவரை ஊர்ந்து வந்தது.

"கேளுங்க, மேடம்," என்றாள் மாணவி. குரலில் குறும்பு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "எனக்குத் தனியா பயமா இருக்கு. நீங்களும் ஒரு தடவ கேளுங்க. அந்தக் கட்டில்ல இருக்கறவங்க பேரு என்னன்னு."

பேரைக் கேட்டால் எந்தப் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும். எந்தக் குரலில் வரும் என்றும்.

"கேக்க மாட்டேன்," என்றாள், மெதுவாக.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பட்டியலில் முதல் கட்டத்தைக் காலியாகவே விட்டாள். தன் இடது மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, நாடி பார்ப்பதுபோல், கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளில் கண்ணைப் பதித்தாள். சதுரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காததுபோல் இருந்தாள்.

பத்து நொடி. இருபது.

கடைக்கண்ணில், அந்த வெள்ளைத் துணி, சிரிப்பை அடக்கமாட்டாமல் ஒருமுறை குலுங்கியது.