கையைத் தாழ்ப்பாளாகக் கொடுத்தவன்

அப்பாவைப் புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. விற்பதற்கு முன் பழைய வீட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அண்ணன் டார்க்வில் கூப்பிட்டதால், மூரியல் கிளாஸ்கோவிலிருந்து மலைக்கு வந்திருந்தாள். மதியம் இரண்டு மணிக்கே வெளிச்சம் மங்கிக் கிடந்தது. முழங்கால் வரை பனி.

அவர்கள் குடும்பப் பெயர் மக்டார்சர். வாசல்காரன் மகன் என்று பொருள். குடும்பக் கல்யாணங்களில் இரண்டாவது கோப்பை விஸ்கிக்கு அந்தக் கதை வந்துவிடும். பனிக்கு ஒதுங்கிய முப்பது விருந்தாளிகளைக் கொல்ல எதிரிகள் வந்தார்களாம், தாழ்க்கட்டையைக் காணோமாம், மூதாதை தன் கையையே இரும்பு வளையங்களில் செருகிக் கதவைக் காத்தாராம். பள்ளியில் எவளாவது அந்தப் பெயரைக் கிண்டல் செய்தால் மூரியல் அவள் மூக்கை உடைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள்.

பழைய வீட்டுக் கதவில் அந்த வளையங்களை ஆசையாகத் தொடப் போனவள் நின்றாள். அவை கதவுக்கு வெளிப்பக்கம் இருந்தன.

"அண்ணா, இது உள்ளதானே இருக்கணும்?"

"கல்யாணத்துல சொல்ற கதை வேற, புள்ள." டார்க்வில் அவள் முகத்தைப் பார்க்காமல் கிசுகிசுத்தான். "விருந்தாளிங்கள உள்ள வச்சுத் தீ வச்சதே நம்ம ஆளுதான். உள்ள இருந்தவங்க வெளிய வந்துடாம கையக் குடுத்துப் புடிச்சிருக்கான். சாகுறப்ப அப்பா சொன்னாரு."

"அத ஏன் இங்க கூட்டிட்டு வந்து சொல்ற?"

"எம் பொண்ணு மைரெட் இருமுனா கரி வருது. ஏழு வயசுதான் அவளுக்கு. நம்ம ரத்தத்துல ஒருத்தர உள்ள விட்டா, அந்தச் செத்தவங்க அவள விட்டுடுவாங்களாம்."

புரிவதற்குள் அவளை உள்ளே தள்ளிவிட்டான். கதவு மூடியது. வளையங்களில் அவன் கை நுழையும் சத்தம் கேட்டது.

சைக்கிள் பழகியபோது அவள் விழாமல் பிடித்த கை அது. அவள் கதவை ஓங்கிக் குத்தினாள்.

பிறகு வாசனை. கருகிய கம்பளி வாசனை.

இருட்டில் யாரோ இருமினார்கள்.

இன்னொருவரும்.

"அண்ணா, தொற. உங்கூடப் பொறந்தவ நான்."

வெளியே அவன் அழுதான். திறக்கவில்லை.

அவள் முதுகில் ஒரு உள்ளங்கை பதிந்தது. பிறகு பல. அவை அவளை இழுக்கவில்லை. அவளோடு சேர்ந்து கதவைத் தள்ளின.

எலும்பு முறிந்தது.

கதவு திறக்க, மூரியல் பனியில் குப்புற விழுந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு கிடந்த டார்க்வில்லை, கண்ணுக்குத் தெரியாத எதுவோ காலைப் பற்றி உள்ளே இழுத்துப் போனது. கதவு மூடிக்கொண்டது.

"மூரியல், தொற. மூச்சு முட்டுது."

துரோகிதான். ஆனாலும் அண்ணன். திறக்கத்தான் ஓடினாள், சத்தியமாகத் திறக்கத்தான். கதவு அசையவில்லை. உள்ளே அவன் முட்டினான், கெஞ்சினான், இருமினான்.

வலது தோளில் வலி தெறித்தபோதுதான் குனிந்து பார்த்தாள்.

வளையங்களுக்குள் முழங்கை வரை நுழைந்திருந்தது அவள் கை. விரல்கள் மறுபக்கத்து வளையத்தை இறுகப் பற்றியிருந்தன.