பாட்டு இல்லாத இடம்

பாட்டு முடிந்த பிறகும் கேசட்டில் யாரோ தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது.

ஷைனி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பாடியது அவள் அம்மா அன்னமேரி. இறந்து நாளையோடு ஒரு வருஷம். ரிட்டயர் ஆகிவிட்ட அப்பா, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சாமான் கட்டும்போது கிடைத்த கேசட் அது. அம்மாவின் குரல் வேறெங்கும் மிச்சமில்லை. நாளைப் பூசைக்குப் பிறகு, அம்மாவும் மகளும் சேர்ந்து பாடிய மாதிரி அந்தத் தாலாட்டைப் போட வேண்டும் என்று அப்பா கேட்டிருந்தார். அவர் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை.

ஆனால் குரல்கள் ஒட்டவில்லை. அம்மாவுடையது இரைச்சலோடு, பழைய போர்வை மாதிரி கதகதப்பாக இருந்தது. லேப்டாப்பில் பதிந்த ஷைனியின் குரல் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் மாதிரி தனியாக நின்றது.

கல்யாணங்களுக்கு மைக்செட் போடும் சித்தப்பா மகன் அலெக்ஸ் போனில் வழி சொன்னான். "ஒன் கொரல ஸ்பீக்கர்ல வுட்டு, பெரியம்மா பாடுன அதே ரூம்ல வச்சி கேசட்ல பதிஞ்சிடுக்கா. அப்புறம் பழைய கேசட்ல பாட்டு இல்லாத எடத்த எடுத்து அடியில விரிச்சிடு. ரெண்டு பேருக்கும் ரூம் ஒண்ணா இருக்கணும்."

"பாட்டு இல்லாத எடத்துல என்னடா இருக்கு?"

"ரூம் இருக்குக்கா."

அம்மா பாடியது இந்தப் பின்னறையில்தான். சுரங்கமும் அனல்மின் நிலையமும் போடும் இரைச்சல் உள்ளே வராமல் ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகி, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாடினாள். ஷைனியும் அப்படியே செய்தாள். ஈரத்துணியும் பழைய பஞ்சும் ஜன்னல் விளிம்பில் படிந்த சாம்பலும் கலந்து மணக்க, ஸ்பீக்கரிலிருந்து வந்த அவள் குரல் சுவர்களில் பட்டுத் திரும்பி நாடாவுக்குள் இறங்கியது. அதன் அடியில் அம்மாவின் மௌனத்தை விரித்தாள். தாழ்ப்பாள் சத்தத்தை வெட்டிவிட வேண்டும். மனம் வரவில்லை. அதுவும் அம்மாவின் கைதானே.

குரல்கள் ஒட்டிக்கொண்டன. அலெக்ஸுக்கு அனுப்பிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

கேசட் இரைச்சல் நிற்கவில்லை.

லேப்டாப்பை மூடினாள். கேசட் டெக்கின் வயரைப் பிடுங்கினாள். இரைச்சல் சுவர்களிலிருந்து வந்தது. பிறந்ததிலிருந்து காதில் ஓடிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தின் உறுமல்தான் இல்லை. மெத்தையை இழுத்துத் தள்ளினாள். சாயங்கால வெயில் அடிக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது.

தாழ்ப்பாளை இழுத்தாள். கேசட்டில் கேட்ட அதே சத்தம். அதே இழுப்பு.

திறக்கவில்லை.

ஹாலில் பேச்சுக் குரல். அலெக்ஸ் வந்திருந்தான். அவன் போனில் பாட்டு ஓடியது.

"ஒட்டிக்கிச்சி பாத்தீங்களா பெரியப்பா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நின்னு பாடறாப்ல இருக்கு."

அப்பா மூக்கை உறிஞ்சினார். "இந்தப் பொண்ணு எங்கடா போச்சி? ரூம் தொறந்துதான் கெடக்குது. ஆளக் காணோம்."

"கடைக்குப் போயிருக்கும்."

ஷைனி இரண்டு கையாலும் கதவை அடித்தாள். "அப்பா. உள்ளதான் இருக்கேன். அப்பா."

"பாட்டுக்கு அடியில டொம்மு டொம்முன்னு என்னமோ கேக்குதே."

"ஆமா. மொதல்ல கேட்டப்ப இது இல்லியே. இருங்க, போன்லயே அந்தச் சத்தத்த எடுத்துச் சுத்தம் பண்ணிடறேன்."

அவள் ஓங்கி அடித்தாள். கை வலித்தது. சத்தம் வரவில்லை. கத்தினாள். தொண்டை எரிந்தது. சத்தம் வரவில்லை.

"இப்பக் கேளுங்க. பாட்டு மட்டுந்தான்."

இரைச்சல் நின்றது. இருட்டு. ஈரத்துணி வாசனை.

அவள் பிடரிக்குப் பின்னால், தாலாட்டின் முதல் வரியைத் தொடங்க யாரோ மூச்சை இழுத்தார்கள். ஷைனியின் வாயும், அவளைக் கேட்காமலே, கூடவே திறந்தது.