கண்ணை மூடிக்கொள்ளும் கடிகாரம்

நஸ்லியாவின் றமீலா சாச்சிக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அதற்காக அவரைப் பேசாத ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருடைய கைகள் பேசத் தொடங்கினால், திகனச் சந்தியில் மீன் விற்கிறவர்கூடத் தோற்றுப்போவார்.

சாச்சி என்றால் உம்மாவின் தங்கச்சி. அவர் நஸ்லியாவின் வீட்டில்தான் இருந்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் கையால் சொல்லும் பெயர் ஒன்று இருந்தது. வாப்பாவைச் சொல்வதென்றால் தாடியைத் தடவ வேண்டும். உம்மாவுக்குக் கன்னத்தில் மச்சம் உண்டு. அதனால் கன்னத்தில் ஒரு விரல். நஸ்லியா என்று சொல்ல, வலது உள்ளங்கையால் இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பூனைக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே சொன்னால் பூனைக்கு வெட்கமாக இருக்கும்.

சாச்சி உடுப்பில் மணி தைப்பதில் கெட்டிக்காரி. அவர் தைத்த கல்யாண உடுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, கண்டி டவுனில் மணப்பெண் உடுப்புக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் தம்மிடம் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். வருகிற திங்கட்கிழமை தொடங்க வேண்டும். சாச்சி போட்டுப்போகும் உடுப்பை இப்போதே அயர்ன் பண்ணி அலுமாரியில் தொங்கவிட்டிருந்தார். அலுமாரியைத் திறப்பதும் அதைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

உம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. போன வருடம் பெரஹரா ஊர்வல நேரத்தில் கண்டியில் ரோட்டை மூடிவிட்டார்கள். பஸ் வேறு பக்கம் திரும்பப்போகிறது, டவுனுக்குப் போகிறவர்கள் இங்கேயே இறங்குங்கள் என்று கொண்டக்டர் கத்தியிருக்கிறார். எல்லோரும் இறங்கினார்கள். சாச்சி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கேயோ போய்ச் சேர்ந்தார். அன்று உம்மா அழுத அழுகை நஸ்லியாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வாப்பாதான் வழி கண்டுபிடித்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிவந்தார். கண்டிக் கடையில் வேலை நேரத்தில் போனை மேசை லாச்சிக்குள் வைத்துவிட வேண்டுமாம். கையில் கடிகாரம் கட்டலாமாம். ரோட்டை மூடினாலோ பஸ் மாறினாலோ வீட்டிலிருந்து செய்தி அனுப்பினால் மணிக்கட்டில் கடிகாரம் துடிக்கும். திரையில் செய்தி தெரியும். சாச்சி வாசித்துக்கொள்ளலாம்.

"இது ஒழுங்கா வேலை செஞ்சா அனுப்புறேன். இல்லாட்டி இல்ல" என்று உம்மா சொல்லிவிட்டார்.

நஸ்லியா உம்மாவின் போனிலிருந்து அனுப்பிப் பார்த்தாள். கடிகாரம் துடிக்க வேண்டிய நேரத்தில் ஒழுங்காகத் துடித்தது. ஆனால் திரை நிற்கவில்லை. வெளிச்சம் வரும், முதல் வரி தெரியும், சாச்சி வாசிக்கத் தொடங்குவார், பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி தட்டினால் மறுபடி வரும், மறுபடி அணையும். தூக்கம் வந்த பிள்ளையை எழுப்பி எழுப்பிச் சோறூட்டுவது போல இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் நஸ்லியாவும் சாச்சியும் அதைத் தூக்கிக்கொண்டு றிஸ்வி நானாவின் போன் கடைக்குப் போனார்கள். நானா அதை வாங்கி மேசையில் வைத்து, ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். திரை அழகாக எரிந்தது. தம் கையில் கட்டிப் பார்த்தார். அப்போதும் எரிந்தது. பல் வைத்தியரைக் கண்டதும் பல்வலி ஓடிவிடுமே, அதே கதைதான்.

நானா திரையைத் துடைத்துவிட்டு, இன்னும் கூடிய நேரம் எரியும்படியும் மாற்றிக் கொடுத்தார். கடிகாரத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். காசும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நஸ்லியா செய்தி அனுப்பினாள். பொசுக்.

நஸ்லியாவுக்கு இப்போது கவலையைவிட ஆச்சரியம்தான் பெரிதாகிவிட்டது. கடையில் எரிகிறது, வீட்டில் அணைகிறது என்றால் என்ன அர்த்தம்? கடிகாரத்தைத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். எரிந்தது. உம்மாவின் கையில் கட்டினாள். எரிந்தது. உட்காரும் கதிரையின் காலில் கட்டிவிட்டுக்கூடச் செய்தி அனுப்பினாள். கதிரை அசையாமல் முழுச் செய்தியையும் வாசித்தது.

அப்படியென்றால் சாச்சியின் கையில்தான் ஏதோ இருக்க வேண்டும். சாச்சி முழுக்கை உடுப்பு உடுப்பவர். அந்தக் கை நுனி வழுகி வந்து திரையை மூடுகிறதோ? நஸ்லியா ஓர் ஊசி எடுத்து, உடுப்பின் கையை மேலே மடித்துக் குத்திவிட்டாள். இனிச் சரி என்று எண்ணிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் செய்தி அனுப்பினாள்.

பொசுக்.

ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, குசினியிலிருந்து உம்மா அதே போனில் செய்தி அனுப்பினார். 'தேங்காய் துருவித் தா' என்று. சாச்சி அதை முழுதாக வாசித்துவிட்டு எழுந்து போய்த் தேங்காய் துருவினார்.

நஸ்லியாவின் வாய் திறந்தபடி நின்றது. அதே போன், அதே கடிகாரம், அதே கை. உம்மா அனுப்பினால் எரிகிறது, தான் அனுப்பினால் அணைகிறது.

"உம்மா, நான் அனுப்பினா மட்டும் அணையுது" என்றாள்.

"உன்ட கதை கூடிப்போச்சு, மகள்" என்றார் உம்மா. "அதுதான் அந்த ஓர்லோசும் கண்ண மூடிக்கிது." உம்மாவுக்கு எந்தக் கடிகாரமும் ஓர்லோசுதான்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் நஸ்லியாவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வலி. ஒரு கடிகாரத்துக்குத் தன்னைப் பிடிக்காமல் போகுமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா போனை எடுத்தார். ஒரு நேரம் எரிந்து ஒரு நேரம் அணைகிற கடிகாரத்தை நம்ப அவருக்குத் துணிவில்லை. கண்டிக் கடை அம்மாவுக்கு, நாளைக்குத் தங்கச்சி வரமாட்டாள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதத் தொடங்கினார். எழுதும்போது அவர் சாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. சாச்சி எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். தொங்கிய உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

அந்த மடிப்பைப் பார்க்க நஸ்லியாவால் முடியவில்லை. ஓடிப்போய் உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அத அனுப்பாதீங்க உம்மா. இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கிறேன்."

"எத்தன தடவ பாத்திட்ட நீ."

"நான் இவ்வளவு நாளும் ஓர்லோசத்தான் பாத்தேன். சாச்சியப் பாக்கல்ல."

அது உண்மைதான். செய்தி அனுப்பும்போதெல்லாம் அவள் அடுத்த அறையில் இருந்தாள். அல்லது போன் திரைக்குமேல் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை, தான் எப்போதும் எழுதுவது போலவே உம்மாவை எழுதச் சொன்னாள். பிறகு சாச்சியைக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்து, எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

உம்மாவின் போனில் அனுப்புவதால், யார் பேசுகிறார் என்று தெரிய வேண்டுமே என்று நஸ்லியா முதலில் தன் பெயரைத்தான் எழுதுவாள். உம்மாவும் அப்படியே எழுதினார். 'சாச்சி, நான் நஸ்லியா. மழை வருது. குடை எடுத்தீங்களா?'

கடிகாரம் துடித்தது. சாச்சி திரையைப் பார்த்தார்.

நாம் மனதுக்குள் வாசிக்கும்போது சில வேளை உதடு அசையும், இல்லையா? சாச்சிக்கு அப்படிக் கைகள் அசையும். அது நஸ்லியாவுக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்ததைத்தான் நாம் கவனிப்பதில்லை. சாச்சியின் கண் முதல் வரியில் ஓடியது. நஸ்லியா என்ற சொல் வந்ததும் அவருடைய வலக்கை தானாக எழுந்து வந்து, இடது மணிக்கட்டைப் பொத்திப் பிடித்தது.

கையை எடுத்தபோது திரை கறுப்பாகக் கிடந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று நஸ்லியா மெதுவாகத்தான் சொன்னாள். "உம்மா, சாச்சி என்ட பேரச் சொல்றாங்க. அதுல ஓர்லோசு மூடுபடுது."

உம்மாவுக்கு விளங்கவில்லை. நஸ்லியா தன் கையில் கடிகாரத்தைக் கட்டி, உள்ளங்கையால் அதைப் பொத்திக் காட்டினாள். அணைந்தது. திரையை மூடினால் தூங்கச் சொல்கிறார்கள் என்று அந்தக் கடிகாரம் எடுத்துக்கொள்கிறது. உம்மா எழுதும் செய்தியில் நஸ்லியாவின் பெயர் இல்லை. அனுப்பியவர் உம்மா என்று கண்டால் சாச்சி தம் கன்னத்தைத்தான் தொடுவார். கன்னத்தில் கடிகாரம் இல்லையே.

சாச்சி தம் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சாச்சி சிரித்தால் கட்டிலே குலுங்கும்.

கடிகாரத்தை வலக்கையில் கட்டிப் பார்த்தார்கள். ஊசி பிடிக்கிற கை அது. மெல்லிய துணியில் கடிகாரம் மாட்டி நூலை இழுத்தது. சரிவரவில்லை. அப்போது உம்மா ஒரு யோசனை சொன்னார். நஸ்லியாவின் பெயரை மாற்றிவிட்டால் என்ன? மூக்கைத் தொடலாம், முடியை இழுக்கலாம், எவ்வளவோ இருக்கிறதே.

சாச்சியின் சிரிப்பு நின்றது. அவருடைய கைகள் வேகமாகப் பேசின. நஸ்லியா தத்தித் தத்தி நடந்த காலத்தில், விழுந்து அழுதால் எனக்குக் கேட்காது. அதனால் எந்நேரமும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பிடிதான் அவளுடைய பெயர். கடிகாரம் வேண்டுமானால் மாறட்டும், பெயரை மாற்ற ஏலாது.

நஸ்லியா குனிந்து, கடிகாரத்தின் உள்ளே விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள்.

கடிகாரத்துக்குள்ளே நிறையப் படங்கள் இருந்தன. ஒன்றில் கடிகாரத்துக்குமேல் ஓர் உள்ளங்கை வரைந்திருந்தது. முன்பும் அவள் அதைக் கண்டிருக்கிறாள். யார் போய்க் கடிகாரத்தைக் கையால் பொத்துவார்கள் என்று எண்ணித் தாண்டிப் போயிருக்கிறாள். இப்போது அதைத் தொட்டாள். பக்கத்தில் இருந்த பச்சைப் பொட்டு சாம்பல் நிறமானது.

சாச்சியின் கையில் கட்டிவிட்டுத் தானே செய்தியை எழுதினாள். 'சாச்சி, நான் நஸ்லியா. நாளைக்கு வேலைக்குப் போங்க.'

சாச்சி மணிக்கட்டைப் பொத்தினார். கையை எடுத்தார். திரை எரிந்துகொண்டிருந்தது. முழுவதும் வாசித்துவிட்டு, மறுபடி பொத்தினார், மறுபடி எடுத்தார். வேண்டுமென்றே நஸ்லியா, நஸ்லியா, நஸ்லியா என்று அழைத்துப் பார்த்தார். கடிகாரம் கண்ணை மூடவே இல்லை.

உம்மா எழுதி வைத்திருந்ததை அழித்தார். பிறகு மடித்த உடுப்பை விரித்து, தாமே மறுபடி அயர்ன் பண்ணினார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நஸ்லியா ஓடிவந்தபோது, உம்மா வாசல் பக்கம் கதிரையைப் போட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சோறு இன்னும் அடுப்பில் இருந்தது. நஸ்லியா எட்டிப் பார்த்தாள். பஸ் ஏறினியா, உட்கார இடம் கிடைச்சா, இறங்கிட்டியா, அங்க மழையா, லைட் வெளிச்சம் போதுமா, ஆட்கள் நல்லமா என்று காலையிலிருந்து உம்மா அனுப்பியவை கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாச்சியின் பதில் வந்தது. வேலைக்கு நடுவில் தேத்தண்ணி குடிக்க விட்டிருப்பார்கள் போல. அது உம்மாவுக்கு அல்ல, நஸ்லியாவுக்கு. அவள் சத்தமாக வாசித்தாள்.

"நஸ்லியா, எல்லாச் செய்தியும் முழுசா வந்து சேர்ந்தது. ராத்தாட கையிலிருந்து போனை வாங்கி வை. எனக்குத் தைக்க ஏலாம ஈக்கி."

ராத்தா என்றால் அக்கா, அதாவது உம்மாதான். உம்மாவின் முகம் சிவந்தது. போனை நஸ்லியாவின் கையில் வைத்துவிட்டு எழுந்து குசினிப் பக்கம் நடந்தார். கதவடியில் நின்று திரும்பினார்.

"சாப்பிட்டாளா என்டு மட்டும் கேளு."