தொட்டி வடியும் நேரம்

கட்டடத்துக்கே பொதுவான மொட்டைமாடித் தொட்டி 2.55-க்குக் காலியாகும் என்றது சமையலறைச் சுவரிலிருந்த வடிகாட்டி. ஒரு நிமிடம் முன்பு 3.20 என்றிருந்தது. அதற்கும் முன்பு 3.40. செல்வக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியும் குழாயத் திறந்துட்டாங்க!"

உள்ளறையில் அவள் கணவன் ஆத்திமுத்து ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்தான். பதினொன்றரைக்கு ஏற்றியது, மூன்றரை வரை ஓட வேண்டும். அதுவரை குழாயில் தண்ணீர் வரவேண்டும். வாளித் தண்ணீர் அந்த இயந்திரத்துக்கு உதவாது. தெருக்குழாயில் தண்ணீர் விடுவதோ மாலை ஆறுக்கு.

"கத்தாத கனி. நீ செஞ்ச பெட்டிதான?" என்றான்.

அதுதான் எரிச்சல். தூத்துக்குடி முழுக்க வீட்டுக்கு வீடு தொங்கும் வடிகாட்டியின் சமன்பாடு அவள் எழுதியது. மட்டம் உயர்ந்திருந்தால் தண்ணீர் வேகமாகப் பாயும். இறங்க இறங்கத் தளரும். ஒரே குழாயைத் திறந்து விட்டுவிட்டால், தொட்டி வடிய ஆகும் நேரத்தில் சரிபாதி கடைசிக் கால்பங்கு நீருக்கே போய்விடும். ஒவ்வொரு நொடியும் மட்டத்தையும், திறந்திருக்கும் குழாய்களையும் பார்த்து, 'இப்படியே போனால் இத்தனை மணிக்குக் காலி' என்று வடிகாட்டி சொல்லும். அணுவளவும் பிசகாது. ஆனால் அதைப் படித்ததும் ஜனங்கள் குழாயைத் திறப்பார்கள் என்பது சமன்பாட்டில் இல்லை.

வெளியே வந்தாள். மாடிப்படியில் இரண்டாம் மாடி ரோஸ்லின் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ரோஸ்லின், நேத்து பிடிச்சதே இருக்குமே!"

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க? உங்க பெட்டிதான் காலியாகப் போகுதுங்கு. நான் பிடிக்காட்டி எதிர்வீட்டுக்காரி பிடிப்பா."

"நீங்க பிடிக்கதாலதான் காலியாகுது!"

"அப்ப முதல்ல பிடிச்சவளப் போய்க் கேளுங்க."

கேட்கத்தான் போகிறேன் என்று செல்வக்கனி கைப்பேசியை எடுத்தாள். எந்த வீட்டில் எப்போது குழாய் திறந்தது என்ற பதிவு வடிகாட்டியில் உண்டு. அவள் மட்டுமே அதைப் பார்க்க முடியும். இன்று எல்லோரும் பார்க்கட்டும்! கட்டடத்தின் அத்தனை திரைகளுக்கும் அனுப்பினாள்.

*முதல் திறப்பு: 4-சி. நேரம் 11.04. மூன்று குழாய்கள். காலியாகும் நேரம் 5.10-லிருந்து 3.40.*

4-சி அவள் வீடு.

ஊசி குத்துவதற்கு முன், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டிரம்மும் ஒரு அண்டாவும் நிரப்பிவைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மேலும் கீழும் கதவுகள் திறந்தன. ரோஸ்லின் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலாம்.

செல்வக்கனி தொண்டையைச் செருமினாள். "தண்ணி எங்கயும் போகல. எல்லார் டிரம்முலயும் இருக்கு. கீழ்த்தொட்டியில ஊத்தி மோட்டார் போட்டா மேல ஏறிரும். அவருக்கு மூணரை வரைக்கும் வேணும்."

"அண்ணனுக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா யாரு பிடிக்கப்போறா?" என்றாள் ரோஸ்லின். "சரி, உங்க டிரம்ம முதல்ல எறக்குங்க."

இறக்கினாள். ரோஸ்லின் ஒரு பக்கம் பிடித்தாள். பிறகு வரிசையாக டிரம்கள் இறங்கின. மோட்டார் ஓடியது. எல்லோரும் குழாயை மூடினார்கள்.

வேர்த்து வடிய வீட்டுக்குள் வந்து வடிகாட்டியைப் பார்த்தாள். 3.31. மனக்கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வீட்டிலும் பிடித்ததை முழுக்க ஊற்றியிருந்தால் 3.50 காட்ட வேண்டும்.

"பாத்தீங்களா? ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு வாளி ஒளிச்சு வச்சிருக்காங்க. மனுசங்களா இவங்க!"

"நம்ம வீட்டுல எல்லாத்தையும் ஊத்தியாச்சா?" என்றான் ஆத்திமுத்து.

செல்வக்கனி கட்டிலுக்கடியில் விளிம்பு தெரிந்த பச்சை வாளியைக் காலால் உள்ளே தள்ளினாள்.